கூட்டாமல், குறைக்காமல்

“பாதியை நீங்கள் சாப்பிடுங்கோ அக்கா. எனக்கு ஒண்டும் இறங்குதில்லை” என்று யசிகரன் மட்டன் ரோல்ஸைப் பிய்த்து நீட்டினான். மெல்பேர்ன் நீதிமன்றத்தின் நான்காம் மாடி. அவனைக் கூப்பிட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அவனுடைய அகதி விசாவைத் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. இலங்கையில் ராணுவம் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதை அவன் அங்கே சொல்லியிருந்தான். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பிழையை நீதிபதிக்குக் காட்டினால் மறுவிசாரணை. காட்டாவிட்டால் கொழும்பு விமானம்.

“லோயரும் இல்லை. என்ர இங்கிலீசைக் கேட்டால் ஜட்ஜே கொண்டுபோய் பிளேன் ஏத்திவிடுவார். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவியள்தானே?”

மொழிபெயர்ப்பாளர் புனிதமலர் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். “பதினொரு வருசமாய் இதுதானே வேலை. நீர் ‘நான்’ எண்டால் நானும் ‘நான்’ எண்டுதான் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

“நான் அழுதுபோட்டன் எண்டால்?”

“அழும். அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.”

உள்ளே அவன் தலையைக் குனிந்தபடி இரண்டு வசனம் சொன்னான்.

புனிதமலர் எழுந்து, எப்போதும்போல ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். “தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தான். சந்தியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். கண்ணாடியை மட்டும் நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன். இதைத் தீர்ப்பாயம் கவனிக்கவேயில்லை.”

நீதிபதி கோப்பைப் புரட்டினார். எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சரின் வழக்கறிஞரும் புரட்டினார். பிறகு நீதிபதி சொன்னதை அவள் அதே குரலில் தமிழில் சொன்னாள்.

“கண்ணாடிக் கடைச் சம்பவத்தை நீங்கள் தீர்ப்பாயத்தில் சொல்லவேயில்லை. சொல்லாததைக் கவனிக்கவில்லை என்று குறை காண முடியாது. மனு தள்ளுபடி.”

யசிகரனின் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது. மற்றவை லிப்ட் வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தன.

“அக்கா, என்ர தம்பியை வயலுக்கை வச்செல்லோ பிடிச்சவங்கள்? அதைத்தானே நான் உள்ளுக்கும் சொன்னனான். அவன் கண்ணாடியே போடுறேல்லை. ஜட்ஜ் ஆரின்ர கண்ணாடியைத் தேடினவர்?”

லிப்ட் வந்தது. திறந்தது. ஆளில்லாமலே மூடிக்கொண்டு போனது.

“என்ர தம்பியின்ர” என்றாள் புனிதமலர்.