முதல் தரக் கரி

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பதினெட்டுக் குடும்பங்களும் வீட்டைக் காலி செய்ய இன்னும் எழுபத்திரண்டு மணி நேரமே இருந்தது. மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, அவர்கள் லயத்தின் பின்மேட்டில், இன்ஜினியர் குகனேஸ்வரன் நிலக்கரி கண்டுபிடித்திருந்தார். அவருக்கு நிலக்கரி ஆராய்ச்சியில் முப்பது வருட அனுபவம். தோண்டிய இரண்டு நாளும் கிட்டே வந்த லயத்து ஆட்களை விரட்டிவிட்டார்.

"இந்த மலையெல்லாம் கருங்கல்தானே சார், நிலக்கரி எப்படி?" என்று மெல்லக் கேட்டாள், உதவியாளர் சிந்தியா.

"நேத்துதான் டிகிரி வாங்கின. சொல்றத எழுது லா."

தான் வரவழைத்த நிருபர்கள் பார்க்க, குழியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் கடித்தார்.

"முதல் தரம். என் நாக்கே சொல்லும்."

"நடுவுல வெள்ளையா இருக்கே சார்?" என்றாள் சிந்தியா.

"சுண்ணாம்பு."

வாயைத் துடைத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கும் ருக்குமணியிடம் தாளை நீட்டினார். "வீட்டைக் காலி பண்றேன்னு கையெழுத்துப் போடும்மா."

ருக்குமணி தாளை வாங்கவில்லை.

"என்ன முறைக்கிற? உங்கள கேட்டுட்டுத்தான் தோண்டணுமா?"

"கேட்டிருக்கலாம் தொரை. எங்க மாமனார அங்கதான் எரிச்சோம். அது எங்க பழைய சுடுகாடு."