சுகர் இருக்கா?

“மச்சானுக்கு சுகர் இருக்கா, லாத்தா?” மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்ட் சூஃபியா, அக்கா முறை சொல்லி மறுபடியும் கேட்டாள்.

“ஒரு நோயும் இல்ல” என்றாள் சாலிஹா. பக்கத்தில் இருந்த அவள் கணவர் காதர் மைதீன், கட்டுப்போட்ட காலைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார்.

“முன்ன மாதிரி இல்ல லாத்தா. எதுக்குப் பணம் வரும், எதுக்கு வராதுன்னு தமிழ்ல வெளங்கச் சொல்லணும்னு கவர்மெண்ட் சொல்லியிருக்கு. அதான் சொல்றேன். இப்ப மறைச்சா, நாளைக்கு ஆஸ்பத்திரியில படுக்கும்போது ஒத்த ரூபா வராது.”

“அதான் வெளங்கிருச்சே. இல்லைன்னே எழுதுங்க.”

சூஃபியா களைப்போடு பேனாவை மூடினாள். அந்தத் தெருவில் காலையிலிருந்து அவள் ஏறிய எல்லா வீடுகளிலும் எல்லோரும் நோயில்லாமல்தான் இருந்தார்கள்.

“நாளைக்கு ராம்நாட்லேருந்து வேற ஏஜெண்ட அனுப்புறேன். அவருக்கு இங்கன யாரையும் தெரியாது. அவர்கிட்ட உள்ளதச் சொல்லுங்க.”

“ஏன், நீங்களே எழுதினா என்ன?”

“போன வாரம் எம் மகனுக்கு உங்க மகளப் பொண்ணு பாத்துட்டுப் போனவ நான். நான் கேட்டா நீங்க எப்படி லாத்தா சொல்லுவீங்க?”

காதர் மைதீன் மெதுவாகக் காலை வெளியே நீட்டினார்.