குழாயில் திணித்த துணி

எண்ணெய் கசியாமல் இருக்க மாற்றிய மூன்றாவது ஆயில் சீலும் ஒழுகத் தொடங்கியபோது, மெக்கானிக் சாகுல் அதைக் கழற்றவில்லை. அருள்ராஜின் வேன் எஞ்சினை ஓடவிட்டு, அதிலிருந்து வெளியே நீண்ட ரப்பர்க் குழாயைத் தடவிப் பார்த்தார். அதன் வாயில் துணி திணித்திருந்தது.

“இதை யாரு அடைச்சது அண்ணாச்சி?”

“நான்தான். புகை நாத்தம் உள்ள வருது, இவளுக்கு ஆகாது” என்றார் அருள்ராஜ்.

அவர் மனைவி வசந்தமலர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி உடைந்து ஒரு வருஷமாகிறது. நான்தான் திறந்துவிடுறேனே என்று அவர் அதை மாற்றவே இல்லை.

“எஞ்சினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போக இது ஒண்ணுதான் வழி. இதையும் அடைச்சா அது சீலைத் தள்ளிக்கிட்டுதான் வரும். எத்தனை சீல் மாத்தினாலும் இதே கதைதான்.”

சாகுல் துணியை உருவினார். புஸ்ஸென்று சூடான காற்று சீறியது. துணியை உதறியதும் எண்ணெய்க் கறைக்குள் நீலக் கட்டங்கள் வசந்தமலருக்குத் தெரிந்தன. ஜவுளிக்கடை வேலைக்கு அவள் கட்டிப்போன சீருடைச் சேலை. கொடியில் போட்டது காற்றில் பறந்துவிட்டது என்று அருள்ராஜ் சொல்லியிருந்தார். அந்த வாரத்தோடு அவள் வேலை நின்றது.

“இனி ஒழுகாதுல்ல?”

“மறுபடி அடைக்காம இருந்தா ஒழுகாது.”

அருள்ராஜ் அந்தத் துணியை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதிவரை மட்டுமே இறங்கும் கண்ணாடிக்கு மேலாக வசந்தமலர் கையை வெளியே விட்டு, கதவின் வெளிக்கைப்பிடியைத் துழாவினாள். வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.