இருவருக்கு ஒரு குளிர்போர்வை

இரண்டு வருடம் கழித்து ஷார்ஜாவில் கணவனைப் பார்க்கப் போகிறோமே என்று மெஹருன்னிசா புதுக் கருநீலச் சுடிதார் போட்டுக்கொண்டாள். அதன்மேல், கொல்லும் வெயிலில் உடம்பைக் குளிர்விக்கும் தொளதொளத்த குளிராடையை மாட்ட மனம் வராமல் வீட்டிலேயே விட்டுவந்தாள். திருச்சி விமான நிலையத்தில், ஓடுதளப் பேருந்திலிருந்து இறங்கப்போனவளைக் காவலர் தடுத்தார்.

"குளிராடை இல்லாம வெயில்ல இறங்க விடமாட்டோம்மா. விமானம் வரைக்கும் நடந்தாலே சுருண்டு விழுந்துடுவீங்க."

நாளை கத்திரி வெயில் தொடங்கினால் விமானங்களை நிறுத்திவிடுவார்கள்; அடுத்த விமானம் ஆடியில்தான். அவள் கண் கலங்கியது.

பின்னால் நின்ற பெண்மணி, குளிராடைக்குப் பதிலாகத் தான் போர்த்தியிருந்த குளிர்போர்வையை விரித்தார். "உள்ள வாம்மா. ஒட்டி நட, ரெண்டு பேருக்கும் காணும்."

தோளோடு தோள் உரச நடந்தார்கள். மெஹருன்னிசாவுக்கு வியர்க்கக்கூட இல்லை.

"ரொம்ப நன்றிக்கா."

"இவ்வளவு அழகா உடுத்திட்டுத் திரும்பிப் போவியா?" என்று அவர் சிரித்தார்.

விமானத்துக்குள் அவர் போர்வையை மடித்தபோதுதான் மெஹருன்னிசா பார்த்தாள். அவருடைய இடது தோளும் கையும் நெருப்பில் காட்டியதுபோலச் சிவந்திருந்தன. போர்வை இருவருக்கும் போதவே இல்லை.

ஷார்ஜா வரும்வரை அவள் ஈரத்துணியால் அந்தத் தோளை ஒற்றிக்கொண்டே வந்தாள்.

"எரியுதாக்கா?"

"இப்ப இல்லம்மா."