வெறும் கம்பளத்தின் முன்

"மய்யித்து எங்கே?" என்று கேட்டார் இமாம் ஃபிக்ரெத்.

வர்சமேக்காக அவன் நண்பன் குலேத் வாயைத் திறந்தான்.

"கடல்ல, இமாம். லிபியாவிலேர்ந்து வந்த படகு கவிழ்ந்துடுச்சு. இவன் பையன் லிபான் அதுலதான் வந்துட்டிருந்தான். உடம்பு கிடைக்கலை, இனிமே கிடைக்கவும் கிடைக்காது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் நீங்கதான் அவனுக்கு ஜனாஸா தொழ வைக்கணும்."

இமாமின் முகம் இருண்டது.

"என்னால முடியாது, தம்பி. நான் ஹனஃபி. உடம்பு முன்னால இல்லாம ஜனாஸா தொழுகை எங்க மத்ஹபுல கிடையாது. அல்லாஹ்கிட்ட துஆ வேணும்னா கேக்கறேன்."

ஸ்வீடனில், கோத்தன்பர்க்கின் அந்த நிலவறைப் பள்ளிவாசலில் பாதிப் பேர் இமாமைப் போலப் போஸ்னியாக்காரர்கள், மீதிப் பேர் சோமாலிகள்; மத்ஹபு என்னும் சட்டநெறி அவர்களுக்கு ஹனஃபி, இவர்களுக்கு ஷாஃபி. பெருநாளுக்குப் பிறை பார்ப்பதில்கூட இரண்டு கூட்டமும் ஒத்துப்போனதில்லை. அந்தத் தெருவில் கதகதப்பான பள்ளி அது ஒன்றுதான் என்பதால் சேர்ந்து தொழுதார்கள்.

"எங்க ஷாஃபி மத்ஹபுல கூடுமே!" குலேத் எகிறினான். "துஆவாம் துஆ! பெத்தவன் இப்படி நிக்கறான், உங்களுக்குக் கிதாபுதான் பெருசாப் போச்சா? படிச்சவருக்கு வயித்தெரிச்சல் எங்கே புரியும்? வாடா வர்சமே, வேற பள்ளி பார்ப்போம்."

வர்சமே நகரவில்லை.

"வீட்டுல லிபானோட அம்மா இன்னும் அவனுக்கு ஒரு தட்டு வைக்கறா, இமாம். சோத்தைப் போட்டுட்டு வாசலையே பார்க்கறா. தொழுதாச்சுன்னு நான் போய்ச் சொன்னாத்தான் நிறுத்துவா. இல்லேன்னா அவளும் எனக்கு மிஞ்ச மாட்டா."

இமாம் மெதுவாக எழுந்தார். "வேற பள்ளி எதுக்கு? இங்கேயே நீங்க தொழ வைங்க."

"நானா?" என்றான் வர்சமே.

"பெத்த தகப்பனுக்கு இல்லாத உரிமையா? உங்க மத்ஹபுல கூடும்னா கூடும். அதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு? என்னால கூட நின்னு தொழ முடியாது, அவ்வளவுதான்."

ஜும்ஆ முடிந்ததும் இமாமே ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம சகோதரர் தன் மகனுக்குத் தொழ வைக்கப் போறார். கூடும்னு நினைக்கறவங்க நில்லுங்க. கூடாதுன்னு நினைக்கறவங்க சத்தம் போடாம உக்காருங்க. வாக்குவாதம் பண்ணித்தான் ஆகணும்னா வெளியே பனியில போய்ப் பண்ணுங்க."

சோமாலிகள் எழுந்து வரிசை கட்டினார்கள். போஸ்னியக் கிழவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்; ஆனாலும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வர்சமே முன்னால் போய் நின்றான். மய்யித்து வைக்கும் இடத்தில் வெறும் கம்பளம்தான் கிடந்தது. மகன் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு முழுதாக உறைத்தது.

"நீங்க தள்ளி நில்லுங்க, இமாம்," என்றான் குலேத், இன்னும் ஆறாமல். "உங்களுக்கு இதுல என்ன வந்தது?"

இமாம் தள்ளி நிற்கவில்லை. வர்சமேயிடம் வந்து, தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்ட உயர்த்திய அவன் கையைப் பிடித்தார். மனம் மாறித் தடுக்க வந்துவிட்டார் என்றுதான் வர்சமே நினைத்தான்.

"மனசுல நினைக்கற நிய்யத்துல இன்னொரு பேரையும் சேர்த்துக்கறீங்களா?" அவன் காதோரம் அந்தக் கிழக்குரல் உடைந்தது. "சேனாத். போஸ்னியாப் போர்ல பிடிச்சுட்டுப் போனாங்க, எலும்புகூட இன்னும் கிடைக்கலை. இத்தனை வருஷமா என்னால அவனுக்குத் தொழ முடியலை... என் மகன்."