பாறை இடுக்கில் இரண்டு முள்ளிகள்

கடலடியில் ஒரு பாறை இடுக்கு. அதில் கரியாள் என்ற, உருண்டை உடம்பெங்கும் முள் நிறைந்த கறுப்புக் கடல்முள்ளி குடியிருந்தாள். ஒருநாள் அலை புரட்டிக் கொண்டுவந்த செம்பி என்ற சிவப்பு முள்ளி, இடுக்கின் வாசலில் வந்து ஒண்டினாள்.

"கொஞ்சம் இடம் கொடு அக்கா. கிளாத்தி மீன் துரத்துது."

"நான் உனக்கு அக்காவா? என் முள் எவ்வளவு நீளம், உன் முள் எவ்வளவு குட்டை! உன் இனமே வேற. போ."

சொல்லி முடிப்பதற்குள் மேலே நிழல் விழுந்தது. வாசலில் இருப்பவளைத் தின்றுவிட்டு, கிளாத்தி அடுத்து உள்ளேதான் வாய் வைக்கும்.

கரியாள் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு, முட்களையெல்லாம் நிழல் பக்கம் சாய்த்தாள். அதே நொடியில் செம்பியும் பாறையைப் பற்றிக்கொண்டு அதே பக்கம் சாய்த்தாள். நீள முட்களுக்கு நடுவே குட்டை முட்கள் நெருக்கமாக நின்றன. கிளாத்தி இரண்டு முறை கடித்துப் பார்த்தது. உதடு கிழிந்ததும் விலகிப் போனது.

கிளாத்தி போன பிறகு கரியாள் கேட்டாள்: "என்னைப் பார்த்துத்தானே அப்படிச் செஞ்ச?"

"உன்னைப் பார்க்க எங்க நேரம்? நிழல் விழுந்ததும் உடம்பு தானாச் செஞ்சுது. யாரும் சொல்லித் தரல."

கரியாளுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் செம்பிக்கு இடம் விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.