ஹனோரா வீட்டு ஆறு டப்பாக்கள்

"கொக்கிப்புழுவா? எங்க வீட்டுலயா? அந்த மேபல் வீட்டுல போய்க் கேளுங்க சார்."

ஹனோரா குவில்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சுகாதார ஆய்வாளர் பாஸ்கோ அசரவில்லை. 1920இல் குவீன்ஸ்லாந்தின் கரும்பு ஊர்களில் அவர் கேட்காத வசவா? ஒரு வீடு விடாமல் பரிசோதனை நடக்கிறது என்று சொல்லி, அந்த வீட்டு ஆறு பேரின் பெயர் ஒட்டிய ஆறு தகர டப்பாக்களைப் படியில் வைத்தார். நாளைக் காலையில் அவரவர் மலம் அவரவர் டப்பாவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹனோரா நடத்துவது கரும்பு வெட்டுகிறவர்களுக்கான விடுதி. தங்கியிருக்கும் நாலு பேர் தருவதில்தான் அடுப்பு எரிகிறது. கணவன் க்ளெம்முக்கு இதயம் பலவீனம். வராந்தாக் கட்டிலே கதி என்று கிடக்கிறான். அவனுக்கு மலச்சட்டி எடுப்பதும் அவள்தான். இங்கே புழு என்று பேச்சுக் கிளம்பினால், நாலு பேரும் அன்றைக்கே எதிர்த்தெரு மேபலின் விடுதிக்கு மூட்டை கட்டிவிடுவார்கள்.

சுத்தத்தில் ஹனோராவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பூட்ஸோடு உள்ளே வந்தவனுக்கு அன்று சாப்பாடு இல்லை. தரை அழுக்காகுமே என்று அவளே வெறுங்காலோடுதான் வீடு, தோட்டம், கோழிக்கூண்டு எல்லாம் சுற்றுவாள்.

மறுநாள் பாஸ்கோ வந்தபோது ஆறு டப்பாக்களும் மூடியோடு தயாராக இருந்தன. கேட்டவுடன் கொடுத்த வீடு இது ஒன்றுதான் என்று மெச்சி வாங்கிப்போனார்.

அடுத்த வாரம், வெட்டுகிறவர்கள் கரும்புக் காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மருந்துப் பெட்டியோடு வந்தார்.

"ஆறுலயும் புழு முட்டை இருக்கும்மா. ஒண்ணுகூட பாக்கி இல்ல. மண்ணுல வெறுங்காலோட நடந்தா ஏறுற புழு இது. இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்ல."

ஹனோராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். சொல்ல மாட்டேன், ஆனால் ஆறு பேரும் மருந்து குடித்தே ஆக வேண்டும் என்றார் அவர். ஆளையே புரட்டிப்போடும் மருந்து. இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்துகூட. ஆனாலும் புழுவை விட்டுவைத்தால் இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சிவிடும் என்று, க்ளெம்முக்குப் பாதி அளவு ஊற்றி நீட்டினார்.

க்ளெம் ஆசையாகக் கையை நீட்டினான். "இத்தனை நாளா இதயம்னு நெனச்சேன். புழுதானா? குடுங்க சார். பொழைச்சா நானும் வேலைக்குப் போறேன்."

கோப்பை அவன் உதட்டுக்குப் போவதற்குள் ஹனோரா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவருக்கு வேணாம் சார்... இந்த வீட்டுலயே சுத்தமான வயிறு என்னுதுதான்னு நெனச்சு, ஆறு டப்பாவையும் நானே ரொப்பிட்டேன்."